கைமாத்து முறை

இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்புக்கு இடது பக்கம், யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோன மாதிரி இருந்தது தங்கபுஷ்பத்துக்கு. குனிந்தால் ஆணி உள்ளே இறங்கியது. நிமிர்ந்தால் அங்கேயே திருகியது. இருபத்தெட்டு வருஷம் உப்பளத்தில் குனிந்து வாரியவள். அப்போதெல்லாம் ஒரு நாள்கூட முனகாத முதுகு, இந்த ஆறு மாதமாகத்தான் இப்படிப் படுத்துகிறது. பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒன்றுமில்லாததைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, விடிகிற நேரத்தில், அவள் வரப்பின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப் பொட்டலம்.

எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை.

தூத்துக்குடிக்குத் தெற்கே இந்தப் பாத்திகளில் உப்பு விளைந்ததெல்லாம் பழைய கதை. கடல் ஏறி வந்தது, மழை தன் மாதத்தை மறந்தது, உப்பளக்காரர்கள் நிலத்தை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். கம்பெனி பாத்திகளில் மணல் கொட்டி இறுக்கி, மேடை கட்டி, வருஷத்துக்கு இரண்டு தடவை மூன்று நாள் பாட்டு விழா நடத்துகிறது. நேற்றோடு இந்தத் தடவை விழா முடிந்தது. நாற்பதாயிரம் பேர் ஆடிப் பாடித் தின்று குடித்துவிட்டு, கையில் இருந்ததை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். டம்ளர், தட்டு, கரண்டி, கொடி, தொப்பி, மணிக்கட்டில் மாட்டும் அனுமதி வளையம். எல்லாம் கடற்பாசியைக் காய்ச்சிச் செய்தது. பனியில் நனைந்து, வாருவதற்குக் காத்திருக்கிற உப்பு மாதிரி அது மினுங்கிக்கொண்டிருந்தது.

திடலின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'இங்கே எதுவும் மிஞ்சாது.'

உண்மைதான். முதல் விழாவில் ஜனங்கள் கூடையைத் தேடிப்போய் டம்ளரைப் போட்டார்கள். கரைந்துவிடும் என்று தெரிந்த பிறகு யாரும் தேடவில்லை. டம்ளரோடு சேர்த்துக் கரையாததையும் போட்டார்கள். சிகரெட் துண்டு, பாட்டில் மூடி, வெள்ளித்தாள், கொண்டை ஊசி, ஒற்றைக் கம்மல். ஒரு தடவை ஒரு பல்செட். கரைகிற கஞ்சிக்குள்ளிருந்து இவற்றைப் பொறுக்குவதற்குத்தான் இருபத்திரண்டு பெண்கள். முன்னால் இங்கே உப்பு வாரிய அதே பெண்கள், கையில் உப்பு வாரிய அதே வாருபலகை.

"யக்கா, கொண்டாந்தியளா?"

ரெஜினா வந்து பக்கத்தில் குந்தினாள். போன விழாவில் செத்துப்போன ஜெபக்கனியின் தங்கை. முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் அக்காவின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள்.

தங்கபுஷ்பம் மடியைத் தொட்டுக் காட்டினாள்.

"நெசமாவே கொண்டாந்துட்டியளா. ஆறு மாசமா ஒங்க வாசல்ல நாய் மாரி கெடந்தேன். அப்பல்லாம் வராத ஞானம் இன்னைக்கு எங்கருந்து வந்துச்சாம்?"

"இன்னையோட முடியுதுல்லா."

"கடைசி நிமிசம் வரைக்கும் வச்சுப் பாத்தியளாக்கும். துரைப்பாண்டி அண்ணாச்சின்னா அம்புட்டு பயமா?"

துரைப்பாண்டி இந்தத் திடலின் மேஸ்திரி. வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் அவன் வாய். அவனுக்குப் பயந்துதான் பொட்டலத்திலிருக்கும் டம்ளரை மறைத்து வைத்திருக்கிறாள் என்று கூட்டம் முழுக்க நம்பியது. நம்பட்டும் என்று அவளும் விட்டிருந்தாள்.

அப்போது ஒலிபெருக்கிகள் ஆரம்பித்தன.

தாழ்ந்த ஒற்றைச் சத்தம். கன்றைக் கூப்பிடுகிற மாடு மாதிரி இருப்பதால் பெண்கள் அதற்கு 'பசு' என்று பேர் வைத்திருந்தார்கள். காதுக்கு வருவதற்கு முன் அது பாதத்துக்கு வரும். பாசியை ஓர் உருவத்தில் நிறுத்துவது ஒரு சத்தம், அவிழ்ப்பது இன்னொரு சத்தம். இது அவிழ்க்கிற சத்தம்; மண் வழியாகவே ஏறும், துணி சுற்றி மடியில் வைத்ததை எட்டாது. முதல் பாத்தியில் கிடந்த டம்ளர்களின் விளிம்பு தளர்ந்தது. தோளில் கிடக்கிற பிள்ளை தூக்கத்தில் தலையைச் சாய்ப்பது போல ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கொடிகள் கம்பத்தோடு ஒட்டி வழிந்தன. வெள்ளை மெதுவாகக் கஞ்சியாகி, ஒரு காலத்தில் உப்புத்தண்ணீர் ஓடிய வாய்க்கால்களைத் தேடி நகர ஆரம்பித்தது.

பிறகு முணுமுணுப்பு வந்தது.

கம்பெனி எதிர்பார்க்காதது இதுதான். உருவத்தில் இருந்தபோது கேட்டதையெல்லாம் பாசி கரையும்போது திருப்பி விட்டது. ஒரு டம்ளரின் குரல் எறும்பளவு. இரண்டு லட்சம் எறும்புகள் சேர்ந்து பேசினால் அது வேறு. மச்சான் எங்க இருக்க, மேடைக்கு இடது பக்கம் வா. அம்மா, சாப்ட்டேம்மா, ஹாஸ்டல்லதான் இருக்கேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாத. இந்தப் பாட்டு எனக்குத்தான் பாடறாங்க, தெரியுமா. யாரோ ஒருத்தி யாரும் பார்க்காமல் அழுதது. யாரோ ஒருவன் முத்தம் கேட்டுக் கிடைக்காமல் சிரித்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு துணுக்காக, நேற்றைய பாட்டு. ஒன்றுக்கொன்று சற்றே பிந்திப் பிந்தி அது திடலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பனி மாதிரி நடந்து போனது. இருபத்திரண்டு பெண்களும் பலகையை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். இந்தக் கால் மணி நேரம் யாரும் வேலை செய்வதில்லை. துரைப்பாண்டிகூட விரட்டுவதில்லை.

"இதுக்குள்ள எங்கயாச்சும் எங்க அக்கா இருப்பாளா?" என்றாள் ரெஜினா.

"அதுல இல்ல. இதுலதான் இருக்கா." தங்கபுஷ்பம் மடியை அணைத்துக்கொண்டாள்.

அந்த முணுமுணுப்பே இப்போது வினையாகிவிட்டது. போன விழாவில் பெரிய இடத்துப் பையன் ஒருவன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசியது ஊரெல்லாம் பரவி, கம்பெனிக்கு மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்தது. அடுத்த விழாவுக்குக் காது கேட்காத புதுப் பாசி. பெண்கள் அதைச் செவிட்டுப் பாசி என்றார்கள். பழையது முழுவதையும் இன்று தொட்டியோடு கொதிக்க வைத்துவிடுவார்கள். பெண்கள் டீ குடிக்க வைத்திருக்கும் சொந்த டம்ளர்களையும் ஒன்பது மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒலிபெருக்கியும் மாறுகிறது. அதன் பிறகு பழைய பாசியைப் பேச வைக்கிற சத்தமே இங்கே இருக்காது.

அந்தப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு.

கஞ்சியெல்லாம் வந்து சேர்கிற இடம் தொட்டி. இரண்டாள் ஆழம். அடியில் ஒரு சல்லடை. சிகரெட் துண்டும் வெள்ளித்தாளும் சேர்ந்து அதை அடைத்துக்கொள்ளும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருத்தி ஏணியில் இறங்கிக் கையால் பிடுங்க வேண்டும். மிஷின் வருகிறது, வருகிறது என்று எட்டு விழா போய்விட்டது. அழுகிய பாசியிலிருந்து ஒரு வாயு வரும். அது இருந்தால் சுவரில் சிவப்பு விளக்கு எரியும். எரியாவிட்டால் இறங்கலாம்.

இறங்குவதற்கு முறை வைத்திருந்தார்கள். யாருடைய முறையோ அவள் தன் டம்ளரை ஏணியின் தலைக்கொக்கியில் மாட்டுவாள். அடையாளத்துக்கு ஒவ்வொருத்தியின் டம்ளரிலும் ஒரு நிறத்தில் நூல். அன்றைக்கு முடியாதவள் இன்னொருத்தியிடம் கைமாத்து கேட்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. ஏன் என்றும் கேட்கக் கூடாது. வீட்டுக்குத் தூரமோ, வயிற்று வலியோ, கெட்ட கனவோ, அது அவள் பாடு. காரணம் கேட்டால் அது கைமாத்து இல்லை, விசாரணை. வேறொருத்தி இறங்கினாலும் கொக்கியில் தொங்குவது முறைக்காரியின் டம்ளர்தான். வாங்கிய முறையை அவள் ஒருநாள் திருப்பித் தர வேண்டும் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆறு மாதத்துக்கு முன்னால், போன விழாவின் இரண்டாம் நாள் காலையில், முறை தங்கபுஷ்பத்துடையது. முதுகு வலி என்று ஜெபக்கனியிடம் கைமாத்து கேட்டாள். ஜெபக்கனி இறங்கினாள். சிவப்பு விளக்கு எரியவில்லை. நாலாவது நிமிஷம் கயிறு கனத்தது. கொக்கியில் நீல நூல் கட்டிய டம்ளர் ஆடிக்கொண்டிருந்தது.

கம்பெனி எழுதிய தாளில் கதை வேறு. விளக்கு நன்றாக வேலை செய்தது, சிவப்பாகத்தான் எரிந்தது, விருந்தாளிகள் மிச்சம் வைத்த மதுவைக் குடித்துவிட்டு யார் சொல்லியும் கேளாமல் அவளே இறங்கினாள். அந்தத் தாளில் ஜெபக்கனி குடிகாரி. இந்த மாதத்தோடு விசாரணை முடிகிறது.

சாவுக் களேபரத்தில் தங்கபுஷ்பம் கொக்கியிலிருந்து தன் டம்ளரை எடுத்து மாராப்புக்குள் செருகிக்கொண்டாள். எடுத்ததை, செய்தி கேட்டு ஓடி வந்த ரெஜினா பார்த்துவிட்டாள். ஏணிக்குப் பக்கத்தில் அன்றைக்குப் பேசியதெல்லாம் அதில் இருக்கும். துரைப்பாண்டி பேசியது இருக்கும். தங்கபுஷ்பத்துக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். தான் பேசாமல் விட்டதும் அதில் இருக்கும்.

"ஒம் முதுகுதாம்ட்டி அன்னைக்கு ஒன்னக் காப்பாத்துச்சு" என்று ஆறு மாதமாகப் பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். சொல்லும்போதெல்லாம் ஆணி ஒரு சுற்று உள்ளே போனது.

டீக் கொட்டகையில் சம்யுக்தா காத்திருந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். இந்தப் பாசியைக் கண்டுபிடித்த கூட்டத்தில் ஒருத்தி. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியை மேசைமேல் வைத்திருந்தாள். பசுவின் சத்தத்தைச் சின்னதாக எழுப்புகிற பெட்டி. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சுற்றி நின்றார்கள்.

"ஒங்க ஆளுகளுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்லா பிள்ள?" என்றாள் தங்கபுஷ்பம்.

"இது கேக்கும்னு மொதல் வருசமே எழுதிக் கொடுத்தேனுங்க அக்கா. அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துட்டாங்க. எனக்கும் சம்பளம் வந்துட்டிருந்துச்சு, நானும் பேசாம இருந்துட்டேன்." அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். "கொடுங்க."

"இத எத்தன தடவ போட்டுக் கேக்கலாம் மேடம்?" என்றாள் ரெஜினா.

"ஒரே தடவதாங்க. கரையறப்பத்தான் பேசும். பேசி முடிச்சா டம்ளர் இருக்காது. நான் பதிவு பண்ணி, கையோட விசாரணைக்காரருக்கு அனுப்பிடுவேன்."

"மொதல்ல பேசுனது மொதல்ல வருமா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"இல்லீங்க. டம்ளர்ல சூடா ஊத்தறப்பல்லாம் உள்ள ஓர் ஏடு படியும், பால்ல படியறாப்ல. கடைசியா டீ ஊத்துனதுக்கு அப்புறம் கேட்டது மேல் அடுக்கு. அது மொதல்ல வரும். அதுக்கு முந்துன டீக்குக் கேட்டது அடுத்து. அடுக்குக்குள்ள பேச்சு நேராத்தான் வரும். சத்தமில்லாத நேரத்த அது வெச்சுக்காது."

"அப்ப பழசு அடியில கெடக்கும்."

"ஆமாங்க."

"நடுவுல நிறுத்தலாமா?"

ரெஜினா திரும்பிப் பார்த்தாள். சம்யுக்தா சொன்னாள், "ஓர் அடுக்கு முடிஞ்சா மூச்சு வாங்கறாப்ல கொஞ்சம் நிக்கும். அப்ப பெட்டிய அணைச்சா நின்னுக்குங்க. மிச்சம் இன்னைக்குக் கொதியில போயிரும்."

அன்றைக்குக் காலையில்தான் நூல் கட்டிய புது டம்ளர் அது; தங்கபுஷ்பம் அன்றைய டீயை மனசுக்குள் எண்ணினாள். இரண்டு. வீட்டில் டம்ளர் ஆறு மாதமும் டிரங்குப் பெட்டியில் புடவை மடிப்புக்குள் கிடந்தது. அதில் யாரும் எதையும் ஊற்றவில்லை. ஆக, இரண்டு.

ஈயத் தட்டில் டம்ளரை வைத்தாள் சம்யுக்தா. பெட்டி முனகியது. பசுவுக்குப் பதில் கொடுக்கிற கன்று மாதிரி. டம்ளரின் விளிம்பு குழைந்தது. நீல நூல் தளர்ந்து தட்டில் விழுந்தது.

முதலில் டீ ஊற்றுகிற சத்தம். பிறகு,

"இந்தா, குடி. மொகம் என்னட்டி, பேயறஞ்ச மாரி இருக்கு?"

ஜெபக்கனி. ரெஜினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முதுகு வலிக்குட்டி. இன்னைக்கு என்னால இறங்க முடியாது. கைமாத்து தாரியா?"

"தாரேன். அதுக்கு ஏன் மாடு மாரி முழிக்க? தாரேன்னுட்டேன்லா. ஆனா திருப்பித் தந்துரணும், பாத்துக்க. அடுத்த விழாவுல கடேசி நாளைக்கு நான் டிக்கெட்டு எடுக்கப் போறேன்."

"ஒனக்கு எதுக்குட்டி டிக்கெட்டு?"

"எதுக்கா? ஊரு ஒலகம் முழுசாக் கேக்குத பாட்ட நான் மட்டும் துண்டு துண்டா டம்ளர்லயே கேட்டுச் சாவணுமா? முன்னால நின்னு ஒரு பாட்டு, ஆரம்பத்துலருந்து கடேசி வரைக்கும். ஆடுனாலும் ஆடுவேன், சொல்ல முடியாது. ஆடுன கால வச்சுக்கிட்டு மறுநா தொட்டியில இறங்க முடியுமா? அன்னைக்கு எம்முறைய நீ பாத்துக்க."

"பாத்துக்கிடுதேன்."

"சரி, ஒன் டம்ளர மாட்டு."

டம்ளர் கொக்கியில் இடித்த சத்தம். கயிறு உரசியது. "செவப்பு எரியலல்லா?" என்று கேட்டாள் ஜெபக்கனி. "எரியல, எரியல. இறங்கு, நேரமாவுது" என்றது துரைப்பாண்டியின் குரல். ஏணிப்படிகள். அவள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே போனாள். ஆழத்துக்குப் போகப் போக முனகல் குடத்துக்குள் விழுந்தது மாதிரி பெரிதாகி, அழகாகி, ஒரு வரியின் நடுவில் நின்றது. பிறகு கூச்சல். எல்லோரும் அதில் இருந்தார்கள். தங்கள் குரலைத் தாங்களே கேட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கை டம்ளரைப் பற்றுகிற சத்தம். துணி. அப்புறம் வெகு தொலைவில், டிரங்குப் பெட்டிக்கு வெளியே, தூக்கத்தில் ஒருத்தி உளறியது. "ஏட்டி ஜெபா. ஏட்டி."

டம்ளர் பாதி கரைந்திருந்தது. மூச்சு வாங்குவது போல நின்றது.

ரெஜினா தங்கபுஷ்பத்தின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தூக்கத்துலயும் எங்க அக்காவத்தான் கூப்புட்டியளா" என்றாள். கண்ணீரைத் துடைக்கவில்லை.

"குடிச்சவங்க பேச்சா இது?" என்றாள் சம்யுக்தா. "யார் கேட்டாலும் தெரியும். அவர் இறங்குன்னு சொன்னதும் இருக்கு. நிறுத்திடட்டுங்களா?"

"நிறுத்துங்க மேடம். எனக்கு இது போதும். எங்க அக்கா குடிகாரி இல்ல."

ரெஜினாவின் உள்ளங்கை சூடாக இருந்தது. பலகை பிடித்துக் காய்த்த உள்ளங்கை. பெட்டியை அணைத்தால் அந்தக் கை அங்கேயே இருக்கும். கூட்டம் முழுக்கத் தங்கபுஷ்பத்தைச் சுற்றி உட்கார்ந்து அழும். யாராவது டீ போடுவார்கள். முதுகில் ஆணி, ஆறு மாதத்தில் முதல் தடவையாக, அசையாமல் இருந்தது.

"இருக்கட்டும்" என்றாள் தங்கபுஷ்பம். "அடியில இன்னொரு டீ இருக்கு."

"அதுல என்ன இருக்கு?"

"விளக்கு இருக்கு."

சம்யுக்தா பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். டம்ளர்களை வாங்கிப் போக ஒரு சாக்கோடு துரைப்பாண்டி கொட்டகை வாசலில் வந்து நின்றது அப்போதுதான். என்ன கூட்டம் என்று கேட்க வாயெடுத்தவன், தன் குரலைக் கேட்டு வாயை மூடினான்.

"ஏ தங்கம், இன்னைக்கு ஒம்முறதான?"

"ஆமா அண்ணாச்சி."

"கேஸ் லைட்டு வேலை செய்யல. நேத்தே ஒயரு போயிட்டு. ஆளு மத்தியானந்தான் வருவான். எட்டு மணிக்குள்ள தொட்டி ஓடலன்னா சாயங்காலத்துக்கு டம்ளர் கெடையாது, என்னத் தூக்கிருவாவ. பாத்து இறங்கு. வாடை வந்தா ஏறிரு. மத்தவளுகட்டச் சொல்லாத, சத்தம் போடுவாளுவ."

ஒரு மிடறு டீ உள்ளே போகிற சத்தம். இன்னொரு மிடறு.

"சரி அண்ணாச்சி."

செருப்புச் சத்தம் விலகிப் போனது. தூரத்திலிருந்து, சிரிப்போடு, ஜெபக்கனி. "ஏ தங்கம், இன்னொரு டீ ஊத்தட்டா?"

அதோடு முடிந்தது. தட்டில் ஒரு கரண்டி வெள்ளைக் கஞ்சியும் ஒரு நீல நூலும் இருந்தன.

ரெஜினாவின் கை எப்போது போனது என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியவில்லை. இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

துரைப்பாண்டிதான் முதலில் பேசினான். "ஒரு டம்ளர் பேசுததெல்லாம் சாட்சி ஆவாது."

"ஆகுமா ஆகாதான்னு அவங்க சொல்லட்டுங்க அண்ணா. அனுப்பியாச்சு" என்றாள் சம்யுக்தா.

அவன் சாக்கைக் கீழே போட்டான். கோபமாகப் பார்க்கவில்லை. களைத்துப்போனவன் பார்க்கிற மாதிரி தங்கபுஷ்பத்தைப் பார்த்தான். "நான் ஒன்ட்டதான சொன்னேன் தங்கம். சத்தம் போடாதன்னேன். அவட்டயுமா சொல்லக் கூடாதுன்னேன்? ஒரு வார்த்த காதுல போட்டிருக்கலாம்லா."

அவன் சொன்னது அயோக்கியத்தனம். அது உண்மையும்கூட. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்க முடியும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவன் திடலைப் பார்க்க நடந்தான்.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் ரெஜினா.

பெண்கள் நிமிர்ந்தார்கள். என்ன கேட்கப் போகிறாள் என்று அவர்களுக்குப் புரிந்தது. இத்தனை விழாவில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி.

"அன்னைக்கு முதுகு வலிச்சுதா?"

"இல்ல" என்றாள் தங்கபுஷ்பம்.

"அக்கா ஏன்னு கேட்டிருந்தா சொல்லிருப்பியளா?"

"தெரியல. கேக்க மாட்டான்னு தெரியும். அதான் அவட்டப் போனேன்."

"இப்ப?"

"இப்ப வலிக்கு."

ரெஜினா தலையை ஆட்டினாள், வானிலை கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி. எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். வெளியே பசு ஓய்ந்து வெகு நேரமாகியிருந்தது. வாய்க்கால் முழுக்க வெள்ளைக் கஞ்சி தொட்டிக்கு முன்னால் தேங்கி நின்றது. கடைசித் துணுக்குகள் இன்னும் அங்கங்கே மேலே வந்து வெடித்துக்கொண்டிருந்தன. ஒரு சிரிப்பு. ஒரு பேர். பாட்டின் ஒரு துளி.

"தொட்டி அடைச்சிட்டு" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். "இன்னைக்கு யாரு?"

முறை ஜெபக்கனியுடையது. அதாவது அவள் இடத்துக்கு வந்த ரெஜினாவுடையது.

தொட்டிச் சுவரில் புது விளக்கு மாட்டியிருந்தார்கள். நல்ல காற்றென்றால் பச்சை, கெட்டதென்றால் சிவப்பு, விளக்கே கெட்டால் ஒரு மணி அடிக்கும். ஒருத்தி செத்த பிறகு வாங்கிய விளக்கு. பச்சை எரிந்தது. சம்யுக்தா தன் கையிலிருந்த கருவியையும் ஒரு தடவை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்துத் தலையசைத்தாள்.

தங்கபுஷ்பம் இடுப்புத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு ஏணிக்கு முன்னால் வந்து நின்றாள். "இந்த முறைய எனக்குக் குடு ரெஜினா. இது அவ கேட்ட நாளு. விழாவுக்குக் கடேசி நாள் முடிஞ்ச காலை. நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னது. நீயும் கேட்டல்லா."

"கேட்டேன். எங்க அக்கா நேத்து முன்னால நின்னு ஒரு முழுப் பாட்டுக் கேட்டாளா?"

தங்கபுஷ்பம் ஏணியிலிருந்து கையை எடுத்தாள்.

"கேட்டிருந்தா நீங்க இறங்கலாம். அவ கேக்கலையே." ரெஜினாவின் குரலில் உஷ்ணம் இல்லை. "ஒங்க கைமாத்து அவட்ட. என்ட்ட இல்ல. நீங்க எனக்குத் தந்து அத முடிச்சிர முடியாது."

கம்பெனி காலையில் கொடுத்த செவிட்டுப் பாசி டம்ளரை எடுத்தாள். நூல்கூடக் கட்டாத டம்ளர். கொக்கியில் மாட்டினாள். இனி இந்த ஏணிக்குப் பக்கத்தில் யார் என்ன பேசினாலும் அதை வைத்துக்கொள்ள இங்கே எதுவும் இல்லை. அவரவர் மட்டும்தான்.

இடுப்பில் கயிற்றை முடிந்து, மறு நுனியோடு அவள் பெண்களைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு மூன்று பேர் கையை நீட்டினார்கள். அவர்களைத் தாண்டி வந்து நுனியைத் தங்கபுஷ்பத்தின் கையில் திணித்தாள்.

"நீங்க பிடிங்க."

"நானா?"

"நீங்கதான். என்ன தெரிஞ்சாலும் வாயத் தொறந்து சொல்லுங்க."

அவள் இறங்கினாள். தலை மறைந்தது. வெள்ளைக்குள் கால் வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து, நடுவில் அறுந்துபோன அதே வரியை, அறுந்த இடத்திலிருந்து ரெஜினா முனக ஆரம்பித்தாள். அடுத்த வரி அவளுக்கும் தெரியவில்லை. அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பச்சதான் எரியுது ரெஜினா" என்று தங்கபுஷ்பம் கத்தினாள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும். "பச்சதான்." மறுபடியும். தொண்டை கட்டியது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. முதுகில் ஆணி முழுசாக உள்ளே போய்விட்டிருந்தது. அவள் கயிற்றைத் தளர்த்தவில்லை.

அடைப்பு விட்டது. ரெஜினா ஏணியில் ஏறி வெளியே வந்தாள். திடல் முழுக்கத் தேங்கியிருந்த வெள்ளை ஒரு பெருமூச்சோடு நகர்ந்து தொட்டிக்குள் விழுந்தது. வெயில் ஏறியபோது பாத்திகள் காலியாக இருந்தன. ஒரு டம்ளர் இல்லை, ஒரு கொடி இல்லை, ஒரு குரல் இல்லை. வாசல் பலகை சொன்னது போலவே எதுவும் மிஞ்சவில்லை.

தங்கபுஷ்பம் மட்டும் ஜெபக்கனிக்கு ஒரு தொட்டி முறை தர வேண்டும்.